அக்கா, உன் பத்து லட்சத்து ஒன்று உடைந்துவிட்டது

என் ஆசை அக்கா,

நீ போன பிறகு உனக்கு எழுதுகிற முதல் கடிதம். நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று எனக்கே பிடிபடவில்லை. உன் எண் வகுபட்டுவிட்டது.

டெலிபோன் ஆபீசில் உன் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். செங்கம் ரோடு பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் ஜாஸ்தியாம், ட்ரங்க் கால் ஓய்வதில்லையாம். நாளெல்லாம் நம்பரோடு மாரடித்துவிட்டு வந்தும் உனக்கு எண் பைத்தியம் அடங்கியதா என்ன?

மொய்யில் நூறோடு ஒன்று சேர்த்து வைக்கிறோமே, உறவு பிரியக் கூடாதென்று. நூறு, ஆயிரம் என்று எதோடு ஒன்றைச் சேர்த்தாலும் அந்த எண் மீதியில்லாமல் வகுபட்டு உடையாது என்று நீயே ஒரு சட்டம் போட்டாய். ஆயிரத்து ஒன்று ஏழிலேயே உடைந்தது. பத்தாயிரத்து ஒன்று எழுபத்து மூன்றில். லட்சத்து ஒன்று பதினொன்றில். "அடச்சே, நூத்தி ஒண்ணுக்கு மேல ஒண்ணு கூட நிக்கல பாருடி!" என்று சிரித்தாய்.

அப்போதுதான் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை விற்கிற மல்லாட்டை மண்டிக்காரர் உன்னைப் பெண் கேட்டார். ட்ரங்க் காலில் உன் குரலைக் கேட்டே மயங்கிய மனுஷன். அம்மா பதில் கேட்டு நச்சரித்தாள். "பத்து லட்சத்து ஒண்ணு எதுலயாவது உடைஞ்சா கட்டிக்கிறேன், உடையலன்னா என்னை விட்டுடணும்"னு சொன்னாயே, உலகத்தில் எவளாவது கல்யாணத்துக்கு இப்படிப் பந்தயம் கட்டுவாளா?

அந்தப் பௌர்ணமிக்கு மலை சுற்றினோம். நடந்துகொண்டே மனக்கணக்கில் தொண்ணூற்றொன்பது வரை வகுத்தாய். எல்லாவற்றிலும் மீதி நின்றது. ஆதி அண்ணாமலை அருகே, "மேல போடுக்கா" என்றேன். "விடுடி, கால் வலிக்குது" என்றாய். வீட்டுக்கு வந்து, "உடையலம்மா" என்று முடித்துவிட்டாய். அம்மாவும் பந்தயத்தைச் சொல்லியே அவருக்குப் பதில் அனுப்பினாள். கடைசிவரை தனியாகவே இருந்தும் காட்டினாய்.

போன வாரம் பக்கத்து வீட்டுக் கல்யாணம். மொய்க் கவரில் நூற்றியொன்றைப் போடும்போது கை நின்றுவிட்டது. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் உன் பத்து லட்சத்து ஒன்றை அதால் வகுத்தேன். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று தடவை போகிறது, மீதி பூஜ்யம். கெட்டிமேளம் கொட்டுகிறது, நான் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறேன்.

நூற்றியொன்று, அக்கா! நீ நிறுத்திய இடத்திலிருந்து இரண்டே எண் தள்ளி. மொய்யிலிருந்தே ஆரம்பித்தவளுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் நிறுத்தினாயா? நிஜமாகவே கால் வலித்தது என்றால், மீதி மலையை நான் ஓடிவரும்படி எப்படி அவ்வளவு வேகமாக நடந்தாய்? அவரை உனக்குப் பிடிக்கவில்லையா, இல்லை ரொம்பப் பிடித்துப் பயந்துவிட்டாயா? ஐயோ, யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறது. கோபமும் வருகிறது, அழுகையும் வருகிறது.

உன்னை எடுத்த அன்று அவர் வந்திருந்தார். வாசலில் ஓரமாக நின்றார். "கடைசிவரைக்கும் உடையவே இல்லீங்களாமா?" என்று என்னிடம் கேட்டார். "இல்லீங்க" என்றேன். அப்போது அதுதான் எனக்குத் தெரிந்த உண்மை. இப்போது என்ன சொல்ல? சொன்னால் அவர் மனசு ஆறுமா, வேகுமா?

உன் பதிலை மாற்ற நான் யார்? வருகிற பௌர்ணமிக்கு மலை சுற்றப் போகிறேன். அதே இடத்தில் நின்று, "நூத்தி ஒண்ணு" என்று உனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வேன். அவரிடம் சொல்ல மாட்டேன், அக்கா. இது சத்தியம்.

உன் வேகத்துக்கு அன்றும் ஈடுகொடுக்க முடியாத
உன் தங்கை,
கோமதி