சுருதி மாறியது அப்பாவுக்குத் தெரியவில்லை

பிக்கெட் ஃபோர்க் சுரங்கக் குடியிருப்பு,
வர்ஜீனியா.
நவம்பர் 22, 1934

அன்புள்ள ஹோபர்ட் அண்ணனுக்கு, தங்கை லூரீனா வணக்கத்துடன் எழுதுவது.

நடந்ததை நடந்தபடியே இதில் எழுதப்போகிறேன், நான் செய்ததையும் சேர்த்து. எல்லோரும் நலம் என்று அம்மா எழுதச் சொன்ன கடிதம் போன வாரமே போய்விட்டது. இது அம்மாவுக்குத் தெரியாத கடிதம்.

அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. மார்ச் மாதம் சுரங்கத்தில் வெடி முன்கூட்டியே வெடித்ததிலிருந்து இப்படித்தான் என்று நினைக்கிறேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானாகத்தான் கண்டுபிடித்தேன். அவர் பிடில் வாசிக்கும்போது நான் பக்கத்தில் நின்று இரண்டு துடைப்பக் குச்சிகளால் அந்தப் பிடிலின் தந்தியிலேயே தாளம் தட்டுவேன் அல்லவா? முன்பெல்லாம் அவர் போகிற வேகத்துக்கு நான் ஓடுவேன். இப்போது நான் வேகத்தைக் குறைத்தால் அவரும் குறைக்கிறார். ஒரு வாரம் வேண்டுமென்றே மாற்றி மாற்றித் தட்டி, நோட்டில் குறித்து வைத்தேன். பிடில் நெஞ்சில் சாய்ந்திருப்பதால் என் குச்சியின் அதிர்வு அவருக்கு எட்டுகிறது. அவர் என்னை வைத்துத்தான் வாசிக்கிறார்.

இம்மாதம் மூன்றாம் தேதி, சனிக்கிழமை, பள்ளிக்கூடத்தில் நடன ஆட்டம் நடந்தது. கிளெல் மாமா பாஞ்சோ, அவர் தம்பி கிட்டார். பாஞ்சோவின் சுருதியை மாற்ற நேரம் பிடிக்கும் என்பதால் ஒரே சுருதியில் ஐந்தாறு பாட்டு வாசித்துவிட்டுத்தான் மாற்றுவார்கள். அன்று மூன்றாவது பாட்டிலேயே யாரோ வேறொரு பாட்டைக் கேட்டார்கள். கிளெல் மாமா, "சரிப்பா, சுருதிய எறக்குறோம்" என்று முறுக்காணியைத் திருகினார். அப்பா முதுகைக் காட்டி வில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். அதற்கு என்னை நானே மன்னிக்கவில்லை.

அப்பா திரும்பி, பழைய சுருதியில் பழைய பாட்டையே எடுத்தார். மற்ற இருவரும் புதியதில் சேர்ந்தார்கள். அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை. ஆடியவர்கள் நின்றுவிட்டார்கள். "எவன்டா அது, பூனைய மாவு மில்லுல போட்டு அரைக்கிறவன்?" என்று கதவோரம் ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கண்ணை மூடிப் புன்னகையோடு வாசித்துக்கொண்டே இருந்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். கண்ணைத் திறந்து, அசையாமல் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தார்.

மேஸ்திரி ஸ்டில்ட்னர் என்னைத் தனியே கூப்பிட்டார். "உங்கப்பனுக்குக் காது அவுட்டா பாப்பா? நீ பொய் சொல்லாத பொண்ணுன்னு டீச்சரம்மா சொல்லுது" என்றார். ஆமாம் என்றால் திங்கட்கிழமை வேலை போகும், பத்து நாளில் கம்பெனி வீடும் போகும்.

"குடிச்சிருக்காருங்க" என்றேன்.

மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தார். "அவ்வளவுதானா! நான் என்னமோன்னு நெனச்சேன்" என்று போய்விட்டார். ஞானஸ்நானம் எடுத்துப் பதினோரு வருடமாக ஒரு சொட்டுத் தொடாதவர் அப்பா. பேச்சு அன்றிரவே பரவி, மறுநாள் சபையில் போதகர் எழுந்து, குடித்ததற்காக அவர் பெயரைச் சபைப் பட்டியலிலிருந்து நீக்குவதாகச் சொன்னார். அம்மா முக்காட்டுக்குள் அழுதாள். அப்பா தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும், "போதகரு இன்னைக்கு என்ன சொன்னாரும்மா?" என்று என்னைக் கேட்டார். நோயாளிகளுக்காக ஜெபித்தார் என்று கையால் காட்டினேன்.

அண்ணா, சுரங்கக் கூரையைக் கம்பியால் தட்டி, கணீரென்றால் உள்ளே போவதும், பொத்தென்றால் ஓடுவதும் உனக்குத் தெரியும். அப்பா கூரையில் விரலை வைத்து அதிர்வைப் பார்க்கிறாராம். போன செவ்வாய்க்கிழமை, கூடவே வேலை செய்கிற கிளெல் மாமாதான் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாராம். அவர்கள் நின்ற இடத்தில் இரண்டு டன் பாறை கிடந்ததாம். "இனி என்னால முடியாது லூரீனா, எனக்கும் புள்ளைங்க இருக்கு" என்று கிளெல் மாமா சொன்னார். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவர் வேறு சுரங்கத்துக்குப் போகிறார். புதிதாகச் சேர்கிறவனுக்கு அப்பாவைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நீ அவரோடு சண்டை போட்டுக்கொண்டு போனதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. வந்து அவர் பக்கத்தில் நின்று வேலை செய். முடியாவிட்டால் நீ இருக்கும் டெட்ராய்ட்டிலேயே அவருக்கு ஒரு வேலை பார். இரண்டும் முடியாவிட்டால், மேஸ்திரியிடம் போய் உண்மையைச் சொல் என்று ஒரே ஒரு வரி எழுது. எனக்குப் பதினான்கு வயதுதான். இதை நான் தனியாகத் தீர்மானிக்க முடியாது. தினமும் மாலையில் விசில் ஊதியதும் சுரங்கத்திலிருந்து வரிசையாக வருகிற தொப்பி விளக்குகளை எண்ணிக்கொண்டு நிற்கிறேன். ஆண்டவர் உன்னைக் காப்பாராக. சீக்கிரம் எழுது.

உன் தங்கை,
லூரீனா

ஒன்பது மணி. கம்பெனி மின்சாரத்தை நிறுத்திவிட்டது. இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன்.