ஜகார்த்தா வழியாக மெல்பர்ன்

தோ பாயோ, சிங்கப்பூர்
4 செப்டம்பர் 2017

காய் வென் அப்பாவுக்கு,

இதை உங்கள் பெட்டியில் நீலச் சட்டைக்கு மேலே வைத்து மூடுகிறேன். ஒசாகா போய்ச் சேர்ந்து சட்டையை எடுக்கும்போது கையில் படும். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்துப் பாதி போவதற்குள் உங்கள் பக்கத்தில் அறிவிப்பு கேட்கிறது. "ஏறச் சொல்றாங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். எத்தனையோ அப்புறங்கள் பாக்கி இருக்கின்றன. எனக்கும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, அதனால் பழையபடி கடிதம்.

நம் பிள்ளை கல்யாணத்துக்குத் தேதி வைத்துவிட்டான். நவம்பர் 18, சனிக்கிழமை, மெல்பர்னில், மணப்பெண் துயீயின் அப்பா வீட்டிலேயே. வியட்நாம்காரர்கள் நம்மைவிடக் கண்டிப்பாக இருப்பார்கள் போலிருக்கிறது, தேநீர்ச் சடங்கை முறைப்படி செய்தே ஆக வேண்டும் என்கிறார்கள். நீங்களும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். பிள்ளைகள் மண்டியிட்டுத் தேநீர் தருவார்கள். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

"அப்பா வருவாரா?" என்று காய் வென் கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவன் பட்டம் வாங்கிய அன்று நீங்கள் சியோலில் இருந்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? அவனுக்கு இருக்கிறது.

எனக்கு ஒரே ஆசை. நாம் இருவரும் ஒரே விமானத்தில், ஒட்டி ஒட்டி உட்கார்ந்து போக வேண்டும். கம்பெனி வேலையாகப் பறக்கிற மைலுக்கெல்லாம் விமானக்காரர்கள் இலவச டிக்கெட் தருவார்களாம், பதினொரு வருடமாக "மைல் சேரட்டும், சேரட்டும்" என்கிறீர்கள். இவ்வளவு பறந்து இன்னுமா சேரவில்லை?

முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. தாமரைக்கிழங்கு சூப் வைத்தேன், ஒருத்தியாக மூன்று நாள் குடித்தேன்.

ஹுவே


ஒசாகா
10 செப்டம்பர் 2017

அன்பு ஹுவே,

ஓட்டல் தாளில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே மேசை இழுப்பறையில் இன்னும் தாள் வைக்கிறார்கள், இந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். விமானக் கம்பெனி தந்த என் தங்க அட்டையைப் பார்த்ததும் பெரிய அறையாக மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு கட்டில். ஒன்றில் பெட்டி தூங்குகிறது.

பிள்ளை கல்யாணத்துக்கு வராமல் இருப்பேனா? என்ன பேச்சு இது. மைல் நிறையவே சேர்ந்திருக்கிறது. ஆனால் அதை எக்கானமி டிக்கெட்டுக்குக் கொடுப்பது நல்ல இறாலைப் பூனைக்குப் போடுவது மாதிரி. பிசினஸ் வகுப்பில், குறைந்த மைலுக்குத் தருகிற சலுகை இருக்கையாகப் பார்த்து எடுத்தால்தான் ஒவ்வொரு மைலுக்கும் மதிப்பு. அப்படி இருக்கை நாளுக்கு ஒன்றோ இரண்டோதான் திறப்பார்கள். காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறேன்.

இன்னொன்று. டிசம்பருக்குள் இன்னும் ஆறு பயணம் போனால்தான் தங்க அட்டை அடுத்த வருடமும் நிற்கும். அதையும் இதில் நுழைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். நீ கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்.

முட்டிக்கு அந்தப் பச்சைத் தைலம் தடவு.

ஹொக் சூன்


தோ பாயோ
25 செப்டம்பர் 2017

காய் வென் அப்பாவுக்கு,

இரண்டு நாள் வீட்டுக்கு வந்தீர்கள். முதல் நாள் தூங்கினீர்கள். இரண்டாம் நாள் கணினியில் இருக்கை தேடினீர்கள். நான் உங்களுக்குப் பின்னால் காப்பியோடு நின்றேன், "ஹுவே, பதினஞ்சாம் தேதி ஒண்ணு திறந்திருக்கு பாரு" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னீர்கள். பிறகு அதுவும் மூடிவிட்டது என்றீர்கள். காப்பி ஆறிப்போய் நானே குடித்தேன்.

அலுப்பாக இருக்கிறது. யார் மேலும் கோபமில்லை, வெறும் அலுப்பு. எனக்குப் பிசினஸ் வகுப்பு வேண்டாம். நம் கீழ் வீட்டு மடாம் கோ மலிவு விமானத்தில், மடியில் ரொட்டிப் பொட்டலத்தோடு, புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டே பெர்த் நகருக்குப் போய்வந்தாள். எனக்கு அது போதும்.

காய் வென் முன்வரிசைக்கு எத்தனை நாற்காலி என்று கேட்கிறான். இரண்டு என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

ஹுவே


பாங்காக்
12 அக்டோபர் 2017

அன்பு ஹுவே,

நல்ல செய்தி. உனக்கு இருக்கை கிடைத்துவிட்டது. பிசினஸ் வகுப்பு, அதுவும் சலுகை விலை மைலில்! கால்களை முழுவதும் நீட்டிப் படுக்கலாம், முட்டி உன்னை வாழ்த்தும்.

சிங்கப்பூரிலிருந்து புறப்படும்படி ஒன்றுமே இல்லை. ஜகார்த்தாவிலிருந்து தொடங்கினால் இருக்கிறது. அதனால் இப்படிச் செய். வியாழன் 16ஆம் தேதி காலை ஜகார்த்தாவுக்கு ஒரு சின்ன டிக்கெட் தனியாக எடுத்திருக்கிறேன். அங்கே இறங்கி, சாப்பிட்டு, சாயங்காலம் மெல்பர்ன் டிக்கெட்டில் ஏறு. அது திரும்ப நம் சாங்கி விமான நிலையத்துக்கே வரும். சாங்கியில் மாறி, ராத்திரி விமானத்தில் மெல்பர்ன். விடியும்போது காய் வென் வந்து நிற்பான். தாள்கள் எல்லாம் டிவிக்குக் கீழே பச்சை உறையில் இருக்கின்றன.

ஒரே விமானத்தில் இரண்டு சலுகை இருக்கை கிடைக்கவில்லை. நான் ஒசாகாவிலிருந்து நேரே வருகிறேன். காத்திருப்போர் பட்டியலில் போட்டிருக்கிறேன். தங்க அட்டைக்காரர்களுக்குக் கடைசி மூன்று நாளில் எப்படியும் கொடுத்துவிடுவார்கள், இதுவரை தவறியதே இல்லை. வெள்ளிக்கிழமை உனக்குப் பின்னாலேயே வந்துவிடுவேன்.

திரும்பும்போது சேர்ந்து வருவோம். இது சத்தியம்.

ஹொக் சூன்


மெல்பர்ன்
21 நவம்பர் 2017

காய் வென் அப்பாவுக்கு,

போனில் நீங்கள் பேசியதற்கெல்லாம் நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். வீடு முழுக்க ஆட்கள். இப்போது தனியாக இருக்கிறேன், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலையில் நல்ல மழை. முட்டி பலூன் மாதிரி வீங்கியிருந்தது. பச்சை உறையை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். காலையில் சாங்கியிலிருந்து ஜகார்த்தா போக வேண்டும், சாயங்காலம் ஜகார்த்தாவிலிருந்து அதே சாங்கிக்கு வர வேண்டும். வீட்டிலிருந்து சாங்கி இருபது நிமிடம். எதற்கு இந்தச் சுற்று? விமானம் எப்படியும் இங்கே வரத்தானே போகிறது, இங்கேயே ஏறிக்கொள்ளலாமே என்று நினைத்தேன். காலை நீட்டிப் படுத்தேன், கஞ்சி குடித்தேன், ராத்திரி டாக்சி பிடித்துப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் கணினியை மூன்று முறை தட்டிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"ஆண்ட்டி, உங்க டிக்கெட் ஜகார்த்தாவில ஆரம்பிக்குது. அங்க நீங்க ஏறலை. முதல் விமானத்தில ஏறலைன்னா மீதி எல்லாம் தானா ரத்தாயிடும்."

"நான் இங்கதானே இருக்கேன்மா. விமானமும் இங்கதானே வருது" என்றேன்.

அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். இந்த விதியை நீங்கள் ஏன் எழுதவில்லை என்று எனக்குப் புரிகிறது. உலகத்தில் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருப்பீர்கள். உங்களுக்கு மூன்று தடவை போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தது.

என் கைப்பணத்தில் ஒரு எக்கானமி டிக்கெட் வாங்கினேன். நடு இருக்கை. இரண்டு பக்கமும் தடியர்கள். ஏழரை மணி நேரம் காலை மடக்கியே வைத்திருந்தேன். ஆனால் வந்து சேர்ந்துவிட்டேன். டிக்கெட் என்று ஒன்றை வாங்கினால் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், அவ்வளவு சுலபம்.

வெள்ளிக்கிழமை நீங்கள் வரவில்லை. சனிக்கிழமை காலை ஒன்பதுக்குத் தேநீர் ஊற்றினார்கள். காய் வென் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான். ஆறிப்போனதைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினார்கள். பத்தரைக்கு அவனே வந்து, "ஆரம்பிக்கலாம்மா" என்றான். நான் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு நாற்காலியில் ஒன்றில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் மண்டியிட்டார்கள். உங்களுக்கான கோப்பை தட்டிலேயே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

துயீயின் பெரியப்பா வயதானவர். விவரம் தெரியாது. என் பக்கம் குனிந்து, "அவரு எப்ப தவறினாரு?" என்று இரக்கத்தோடு கேட்டார்.

"தவறலை. காத்திருப்போர் பட்டியல்ல இருக்காரு" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். காய் வென் சிரிக்கவில்லை.

இனி எழுத எனக்குத் தெம்பில்லை.

ஹுவே


தோ பாயோ
1 டிசம்பர் 2017

அன்பு ஹுவே,

வீட்டில் இருக்கிறேன். ஓட்டல் தாள் இல்லை, காய் வெனின் பழைய பள்ளி நோட்டில் கிழித்து எழுதுகிறேன்.

போனில் உன்னிடம் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அது பாதி உண்மை. கிடைத்தது, சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு. அதற்குள் அங்கே சடங்கு முடிந்திருக்கும் என்று ஏறவில்லை. மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் எக்கானமியில் டிக்கெட் விற்பனைக்கு இருந்தது. நான் ஒசாகா விமான நிலையத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்கவில்லை. இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் ஒரு மணி நேரம் என்று பட்டியலையே பார்த்தேன். காசு இல்லாமல் இல்லை. இத்தனை வருடம் காத்திருந்து எப்போதும் எனக்குக் கிடைத்திருக்கிறது. அன்றைக்கு விட்டுக்கொடுத்தால் இதுவரை செய்ததெல்லாம் முட்டாள்தனம் என்று ஆகிவிடும் போலிருந்தது. சாயங்காலம் மனசு வந்தபோது அதுவும் விற்றுப்போயிருந்தது.

உன்னிடம் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. வருகிற மார்ச்சோடு கம்பெனியில் என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். ஜூலையிலேயே சொன்னார்கள். இனிமேல் யாரும் என்னை எங்கேயும் அனுப்பப் போவதில்லை. தங்க அட்டை மட்டும் இன்னொரு வருடம் நிற்கட்டும் என்று பார்த்தேன். விமான நிலையத்தில் தங்க அட்டைக்காரர்கள் அறைக்குள் போனால் "வாங்க மிஸ்டர் இயோ, நல்லா இருக்கீங்களா" என்கிறார்கள். அட்டையைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள், தெரியும். இருந்தாலும் கேட்கிறார்கள்.

காய் வென் போனை எடுக்கவில்லை. போகட்டும், எடுக்கச் சொல்லி நீ அவனை வற்புறுத்தாதே.

என்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான். என் மைல் கணக்கின் எண்ணையும் கடவுச்சொல்லையும் கீழே எழுதியிருக்கிறேன். எல்லாமே உன்னுடையது, என்ன வேண்டுமானாலும் செய். ஜனவரி 9ஆம் தேதி மெல்பர்னிலிருந்து நேராக ஒரு பிசினஸ் இருக்கை திறந்திருக்கிறது. ஜகார்த்தா கிடையாது. நல்ல மதிப்பும்கூட. அதில் வந்துவிடேன்.

வீடு சத்தமே இல்லாமல் இருக்கிறது. இப்படித்தான் நீ இத்தனை வருடம் இருந்தாயா?

ஹொக் சூன்


மெல்பர்ன்
15 டிசம்பர் 2017

ஹொக் சூன்,

பேரைச் சொல்லி எழுதி முப்பது வருடம் இருக்கும். ஒரே அலுவலகத்தில் வேலை செய்த காலத்தில் இப்படித்தான் கூப்பிட்டேன், நீ வா போ என்றுதான் பேசினேன். இன்றைக்கு அப்படியே பேசுகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேலை போன விஷயத்தை ஜூலையிலிருந்து தனியாகச் சுமந்திருக்கிறாய். அதை நினைத்து அழுதேன். டிக்கெட்டைப் பார்த்தும் வாங்காமல் உட்கார்ந்திருந்ததை நினைத்து அழவில்லை. அதற்கு அழுகை வரவில்லை.

எல்லாமே உன்னுடையது என்று எழுதியிருந்தாய். நேற்று காய் வெனின் கணினியில் உன் கணக்கைத் திறந்தேன். ஜனவரி இருக்கையைப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. அதன் பக்கத்திலேயே கடை மாதிரி ஒரு பக்கம் இருக்கிறது, மைலுக்கு வீட்டுச் சாமான் தருகிறார்கள். இங்கே மெல்பர்னிலும் கொண்டுவந்து கொடுப்பார்களாம். நம் பிள்ளைகள் குடியேறிய வீட்டில் ஒன்றுமே இல்லை. துயீ துணியைக் குளியல் தொட்டியில் துவைக்கிறாள். அதனால் ஒரு துணி துவைக்கும் இயந்திரம் எடுத்தேன். ஒரு குளிர்சாதனப் பெட்டி, சோறு வடிக்கும் குக்கர், வீடு கூட்டும் இயந்திரம். அப்புறமும் மீதி இருந்தது, ரொட்டி சுடுகிற பெட்டி இரண்டு எடுத்தேன். ஒன்று துயீயின் பெரியப்பாவுக்கு.

காய் வென் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "அம்மா, இதைவிட மோசமா யாரும் மைலைச் செலவு பண்ண முடியாது. அப்பாவுக்கு மாரடைப்பே வந்துடும்" என்றான். கல்யாணத்துக்குப் பிறகு உன்னைப் பற்றி அவன் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

இப்போது உன் கணக்கில் நானூற்றுப் பன்னிரண்டு மைல் இருக்கிறது. அதற்கு ஒரு தேக்கரண்டிகூட வராது, தேடிப் பார்த்துவிட்டேன்.

நான் ஜனவரியில் வரவில்லை. சீனப் புத்தாண்டு வரைக்கும் இங்கேதான். நீ வந்தால் அவனும் துயீயும் உனக்குத் தேநீர் தருவார்களா என்று காய் வெனிடம் கேட்டேன். பதில் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. நீ வந்து நின்றால்தான் அவனுக்கே தெரியும். எனக்கும் அப்படித்தான்.

சிங்கப்பூரிலிருந்து இங்கே தினமும் மூன்று விமானம் வருகிறது. காசு கொடுத்தால் நடு இருக்கை எப்படியும் கிடைக்கும். நீ வருவதானால் வா. வராவிட்டால் கடிதம் எழுத வேண்டாம்.

சியோக் ஹுவே