ஜானகி ஏறாத பைக்

ஜனவரி 12, ஞாயிறு

செம்பூர் பைக் ஷோரூமுக்கு இன்று ஜானகியையும் அழைத்துப் போனேன். கல்யாணமானதிலிருந்து என் பின்னால் உட்கார்ந்து ஊர் சுற்றியவள். ரிடையர் ஆகி வாங்கப்போகும் கடைசி பைக், க்ரூஸரா ஸ்போர்ட் டூரரா என்று ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். டூரரில் முன்னால் சாய்ந்து ஓட்டவேண்டும், என் மணிக்கட்டு தாங்காது. க்ரூஸரில் காலை நீட்டிக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு குழியும் நேராக முதுகில் இறங்கும். யோசித்ததெல்லாம் என் உடம்பைப் பற்றித்தான்.

டூரரின் பின் சீட் உயரம். என் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை காலைத் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. தாழ்வான க்ரூஸரில் ஏறிவிட்டாள். பக்கத்துத் தேவ்நார் வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினோம். இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு எது பிடிக்கறதோ அதை வாங்கிக்கோங்கோ. என்னை வெச்சு யோசிக்க வேண்டாம்."

"ஏன், நீ வரலையா?"

"நான் ட்ரெயின்ல வந்து சேர்ந்துக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எப்போதிலிருந்து வலி என்று கேட்டேன்.

"போன வருஷம் கோவா போனோமே, அப்பவே. நீங்க அவ்வளவு சந்தோஷமா ஓட்டிண்டிருந்தேள். எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன்."

எதையும் புக் செய்யாமல் ஆட்டோ பிடித்து வந்துவிட்டோம். தைலம் தேய்த்துவிட்டேன், தூங்கிவிட்டாள். எந்த வண்டி என்று கேட்டு நாளை ஷோரூமிலிருந்து போன் வரும். அவள் பின்னால் இல்லாமல் தனியாகப் போவதை நான் இதுவரை யோசித்ததே இல்லை.