மோட்டாருக்குக் காயில் கட்டிய இடம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. மாடிப்படி ஏறும்போது சாமியைக் கூப்பிடுகிறாள், இறங்கும்போது என்னைத் திட்டுகிறாள். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். நல்ல செய்தி இவ்வளவுதான். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் சரிக்கா சரிக்கா என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உங்கள் தொழிற்சாலையிலிருந்து எங்கள் கம்பெனிக்கு வந்த மேசை ஃபேன்களைத் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். நீ இருக்கும் நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் ஒப்பந்தம் இருப்பதால் அங்கே செய்த பொருளுக்கு இங்கே வரி இல்லை. அதை நம்பித்தான் எங்கள் கம்பெனியே ஓடுகிறது. அங்கே செய்ததுதான் என்பதற்குத் தொழிற்சாலை சார்பில் நீ கையெழுத்திட்ட உறுதிமொழித் தாள்தான் அத்தாட்சி. சுங்க அதிகாரி ஒரு ஃபேனைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். மோட்டாரின் அடியில் மூன்றாவது நாடு ஒன்றின் பெயர் இருந்தது. ஃபேனின் மதிப்பில் பாதிக்கு மேல் மோட்டார்தான். அது வெளியிலிருந்து வந்திருந்தால் சலுகை கிடையாது. இந்த வாரம் சுங்கத்திலிருந்து உன் பெயருக்கு ஒரு கேள்வித்தாள் வரும், முப்பது நாளில் பதில் வேண்டும். மோட்டாருக்குக் காயில், அதுதான் அந்தச் செம்புக் கம்பிச் சுருள், கட்டிய இடம் எது என்று கேட்டிருப்பார்கள். மற்ற கேள்விகள் எல்லாம் சும்மா.

அந்த உறுதிமொழியை நீ எழுதவில்லை, நான்தான் அடித்து அனுப்பினேன். போன வருடத் தாளில் தேதியையும் பெட்டி எண்ணிக்கையையும் மட்டும் மாற்றினேன். பதினொரு வருடமாக அப்படித்தான் செய்கிறேன். எல்லாம் போன தடவை மாதிரிதானே என்று உன்னிடம் கேட்டேன், அதே ஃபேன்தான்க்கா என்றாய். நீ பொய் சொல்லவில்லை.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. அதற்கு மூன்று மாதம் முன்பே நீ போனில், "காயில் கட்டுற பிரிவ மூடிட்டாங்கக்கா, மோட்டார் இப்ப டப்பாவிலயே வருது, என்னைப் பேக்கிங்குல மேற்பார்வைக்குப் போட்டுட்டாங்க" என்று சொன்னாய். செம்புக் கம்பி அறுத்த உன் விரல் இனி ஆறிவிடும் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். இதையே வேறு யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே தாளை நிறுத்தியிருப்பேன். தம்பி சொன்னதால் தம்பி விஷயமாகவே காதில் விழுந்தது. என் பிழைப்பே இந்தத் தாள்தான், அதில் போய்க் கோட்டைவிட்டேன். நினைத்தாலே என் மேல் வெறுப்பாக இருக்கிறது.

நேற்று முதலாளி கூப்பிட்டார். கத்தவில்லை, டீ வரவழைத்தார். "உன் தம்பிதானம்மா, பழைய காயில் ரிஜிஸ்டர்ல தேதிய மட்டும் மாத்தி அனுப்பச் சொல்லு. இந்தக் கம்பெனிய நம்பிப் பதினெட்டுக் குடும்பம் இருக்கு" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. அம்மா விழுந்தபோது தன் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடியவர். இந்தக் கடிதமும் அதற்குத்தான் என்று நினைத்துக் கூரியர் உறையை அவரே என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

தேதியை மாற்றாதே. அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள். பொய்ச் சான்று என்று தெரிந்தால் உனக்கு ஜெயில். உண்மையை எழுதினால் நல்லது நடக்கும் என்றும் சொல்ல மாட்டேன். விதிகளை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டேன், நுழைந்து வெளியே வர ஒரு சந்துகூட இல்லை. இங்கே கம்பெனியை மூடுவார்கள். அங்கே உன் மேலாளர் கையைக் கழுவிவிடுவார், கையெழுத்து உன்னுடையது. வேலை போகும், கூடவே விசாவும் போகும்.

நான் கேட்பது ஒன்றுதான். தாளைத் தயாரித்தது அக்கா, அவள் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன், மோட்டார் மாறியது அவளுக்கு முன்பே தெரியும் என்று எழுது. மூன்றும் உண்மை. என் முழுப் பெயர், பதவி, அலுவலக முகவரி எல்லாம் தனித்தாளில் வைத்திருக்கிறேன். பார்த்துப் பிழையில்லாமல் எழுது. மாட்டேன் என்பாய், எனக்குத் தெரியும். சின்ன வயதில் நான் உடைத்ததற்கெல்லாம் நீ அடி வாங்கியது போதும்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ லீவில் வருவதாகச் சொல்லி வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

எங்கே இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு. எனக்குப் பதில் போடாதே. என்னைக் காப்பாற்றுகிற ஒரு வரிகூட உன் கையெழுத்தில் எங்கேயும் இருக்கக் கூடாது. அவர்களுக்கு மட்டும் எழுது.

உன்மேல் உயிராக இருக்கும்,
அக்கா