சுவர் தானாக விழவில்லை, அக்கா

என் கலா அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உன் படத்துக்கு முன்னால் நின்று நல்ல சேதியாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு முடியவில்லை. பேட்டையில் அந்தக் கற்படி வீட்டை இடித்துவிட்டார்கள். இடிப்பதற்குக் காரணமாகக் காட்டியது, நீ வீடுகளை அளந்து எழுதிவந்த உன் நோட்டை. அதை எடுத்துக் கொடுத்தவன் நான்.

கோபம் யார்மேல் என்று கேட்காதே. நிறையப் பேர்மேல். உன்மேலும்தான்.

வாரம் ஆறு நாள் ஓசூர் கம்பெனியில் இரும்புத் துண்டுகளை அளந்து பார்க்கிற செக்கிங் வேலை உனக்கு. ஏழாவது நாளும் டேப்பை எடுத்துக்கொண்டு, கிருஷ்ணகிரி பழையபேட்டைத் தெருக்களுக்கு என்னை இழுத்துக்கொண்டு போவாய். "இன்னும் அளந்து தீரலையா உனக்கு?" என்று சலித்துக்கொள்வேன்.

"ஆறு நாளும் ஒரே துண்டப் பாத்துப் பாத்து கண்ணு செத்துப்போச்சுடா. இங்க ஒரு வீடு மாதிரி இன்னொண்ணு இல்ல பாரு" என்பாய்.

உண்மைதான். நிலைக்கு மேல் தெலுங்கில் பெயர் வெட்டிய வீடு ஒன்று. பக்கத்திலேயே பச்சைக் கண்ணாடி ஜன்னல் வைத்த மாடி. அதற்கடுத்து, ஆளுயரக் கற்பலகைகளை வரிசையாக நட்டே சுவராக்கிய வீடு. நீ காட்டும்வரை அந்தத் தெருவில் என் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு டிபன் கடை மட்டும்தான்.

எல்லாவற்றிலும் உனக்குப் பிடித்தது கற்படி வீடு. எந்தக் காலத்திலோ ஒரு புளி வியாபாரி கட்டியது. முற்றத்திலிருந்து மாடிக்குப் பதினொரு கற்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முனை சுவருக்குள், மறுமுனை அந்தரத்தில். கீழே முட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. வாடகைக்கு இருந்த ரஹமத் அக்கா இடுப்பில் குடத்தோடு அதில் ஏறிப் போனதைப் பார்த்து நீ வாயைப் பிளந்தாய். "சொவுரோட கனம்தான்டா கல்ல அழுத்திப் புடிச்சிருக்குது" என்று அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாய்.

ஆனால் நோட்டில் என்ன எழுதினாய்? 'மேற்குச் சுவர் இரண்டு விரல் வெளியே தள்ளியிருக்கிறது. மழைத்தண்ணீர்க் குழாய் அடைப்பு. உத்தரத்தில் ஒரு முனை இற்றுப்போயிருக்கிறது.' அவ்வளவுதான். கம்பெனித் தாளில் எழுதுவது போலக் குறையை மட்டும் எழுதிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாய்.

ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நீ சுருண்டு விழுந்தாய். உன் காரியம் முடிந்த மறுவாரம், கற்படி வீட்டுக்காரரின் பேரன் பெங்களூரிலிருந்து நம் வீட்டுக்கு வந்தான். உன் படத்துக்குப் பூப்போட்டான். "எங்க தாத்தா வீட்ட இவ்ளோ மதிச்சவங்க உங்க அக்கா ஒருத்தர்தாங்க. ரிப்பேர் பண்ணலாம்னு இருக்கேன். அவங்க எழுதினது கெடச்சா உதவியா இருக்கும்" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "காப்பி எடுத்துக் குடுங்க" என்று மஞ்சு சமையலறையிலிருந்தே சொன்னாள். கட்டிய மனைவி சொன்னதைக்கூடக் கேட்காமல் நோட்டையே கொடுத்தேன், அக்கா. டீயும் கொடுத்தேன்.

மூன்றே வாரத்தில் ரஹமத் அக்கா போன் செய்தார். "சங்கரு, ஒடனே வா. கலா என்னாத்தடா எழுதி வெச்சிருக்கா?"

வீடு ஆபத்தான நிலையில் இருக்கிறது, பத்து நாளில் காலிசெய்ய வேண்டும் என்று முனிசிபாலிட்டி எஞ்சினியர் எழுதிய தாளை நீட்டினார். அதோடு உன் நோட்டின் பக்கங்கள், ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்து.

"சொவுரு தள்ளியிருக்குன்னா விழும்னு அர்த்தமா?" என்று அங்கேயே நின்றிருந்த பேரனிடம் கேட்டேன்.

"நானா எழுதினேன்? உங்க அக்காதாங்க எழுதியிருக்காங்க" என்றான். சிரித்துக்கொண்டு சொன்னான். சட்டையைப் பிடித்துவிட்டேன். ரஹமத் அக்காதான் என் கையை விலக்கினார். "உடு. இவன அடிச்சா வீடு நிக்குமா?"

இடிக்க வேண்டாம் என்று மனுவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஒரு வாரம் அலைந்தேன். போன இடத்திலெல்லாம் நீ எழுதியதையே எனக்குப் படித்துக் காட்டினார்கள்.

இடிக்கிற அன்று லீவு போட்டுவிட்டு எதிரில் நின்றேன். நாளைக்கே விழுந்துவிடும் என்று சொன்ன மேற்குச் சுவரை, காலையில் மோத ஆரம்பித்த ஜேசிபி சாப்பாட்டு நேரத்துக்குத்தான் சாய்த்தது. ஓட்டியவர் இறங்கி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏன் சார், தானா உழுவுற வீடுன்னுதான கூட்டியாந்தீங்க?" என்று எஞ்சினியரிடம் கேட்டார். எஞ்சினியரின் கக்கத்தில் இருந்த உன் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஒருவரும் தடுக்கவில்லை. அதற்குள் அவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

பிறகு மாதேஷ் கொத்தனாரிடம் நோட்டைக் காட்டினேன். "தண்ணி போற வழியத் தொறந்துட்டு, ரெண்டு எடத்துல இழுத்துக் கட்டியிருந்தா, இன்னும் ரெண்டு தலமொற நின்னுருக்கும்பா" என்றார். இது உனக்குத் தெரியாதா? கம்பெனியில் பிசகிய துண்டையெல்லாம் குப்பையிலா போட்டாய்? சரிசெய்யக் கூடியதைத் தனியாக எடுத்துவைத்தாயே. வீடுகளுக்கு மட்டும் அந்த ஒரு வரியை ஏன் எழுதாமல் விட்டாய்? யாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தாயா? பதில் சொல்ல நீ இல்லை. அதுவும் கோபம்தான்.

நோட்டில் இன்னும் பதினான்கு வீடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சரிசெய்யும் வழியைக் கேட்டு எழுத, கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் போன மூன்று வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள். "நோட்டுக்காரி தம்பியா? வேணாம் சாமி, நாங்க இங்கதான் குடியிருக்கணும்." அவர்கள்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

ரஹமத் அக்கா இப்போது பைபாஸ் பக்கம் தகரக் கூரை வீட்டில் இருக்கிறார். என் போனை எடுப்பதில்லை. நேரில் போய், நோட்டைக் கொடுத்தது நான்தான் என்பதையும், இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கொத்தனாரோடு பேட்டையில் வீடு வீடாகப் போவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். வா என்றும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் அவர் பேட்டைத் தெருமுனையில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் நேராகக் கற்பலகை வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். "நாந்தான் வீடு போனவ. நானே இவன்கூட வந்து நிக்கிறன். உங்களுக்கு என்னா பயம்? தொறங்க."

தாழ்ப்பாள் விலகியது, அக்கா.

இனி நீ எழுதிய ஒவ்வொரு குறைக்குக் கீழேயும் அதைச் சரிசெய்யும் வழியை எழுதுவேன். கொத்தனார் சொல்லச் சொல்ல, பதினான்கு வீட்டுக்கும். நோட்டு என் கையைவிட்டுப் போகாது. வேண்டியவர்கள் நம் வீட்டுக்கு வந்து, மஞ்சுவுக்கு எதிரில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போகட்டும். இது சத்தியம்.

உன்மேல் கோபம் இன்னும் தீராத,
உன் கூடப்பிறந்தவன்
சங்கர்