மலைக்குக் கால் நீட்டியவர்

கரங்காசெம், பாலி
20 ஆகஸ்ட் 1963

அன்புள்ள நெங்கா பிளிக்கு,

உங்கள் மனைவி கெதுத் எழுதுவது. நலம் என்று எழுத ஆசைதான், ஆனால் மலை வெடித்த பிறகு இங்கே யாருக்கு நலம்? வாய்க்கால் முழுக்க இன்னும் சாம்பல்தான். மரவள்ளியை வேகவைத்து நாளை ஓட்டுகிறோம். காட்டைத் திருத்திக் குடியேறப் போகிறேன் என்று சுமத்ராவுக்குக் கப்பலேறினீர்கள். அதோடு சரி, ஒரு வரி எழுதக்கூட உங்களுக்குக் கை வரவில்லை.

அத்தை விஷயமாகத்தான் எழுதுகிறேன். வெடித்த அன்று செத்தவர்களையெல்லாம் தோண்டியெடுத்து, நவம்பரில் ஊர் கூடி ஒன்றாக எரிப்பதென்று முடிவாகியிருக்கிறது. எரித்துச் சாம்பலைக் கடலில் விட்டால்தானே அத்தை அந்த மலைமேல் போய், அங்கே இருக்கும் நம் சாமியோடும் முன்னோரோடும் சேர முடியும்? அதுவரை மண்ணுக்குள் கிடந்து தவிப்பார். நீங்கள் ஒரே பிள்ளை. வந்து காரியத்தை முடியுங்கள். அதன்பின் நீங்கள் கூப்பிடும் இடத்துக்கு நானும் வருகிறேன்.

உங்கள்
கெதுத்

லம்புங், சுமத்ரா
28 செப்டம்பர் 1963

கெதுத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மரத்தை வெட்டி வெட்டிக் கை காய்த்துவிட்டது. இரவானால் காட்டுப்பன்றித் தொல்லை. ஆனாலும் நிலம் நல்ல நிலம்.

அன்றைக்கு அம்மாவின் காலைப் பிடித்தேன், நீயும் பார்த்தாய். "கோயிலுக்குப் போகாதம்மா, ஓடிரலாம்" என்றேன். "மலையிலேர்ந்து சாமி இறங்கி வர்ற நேரத்துல வாசல்ல ஆளில்லாம இருந்தா நல்லாவா இருக்கும்? போடா" என்று திருவிழாத் துணியைக் கட்டிக்கொண்டு, பூத்தட்டோடு போனாள். வரவேற்கப் போனவளை அந்தச் சாமி எரித்தது. ஒரு தடவை எரிந்தது போதாதா, நான் வேறு எரிக்க வேண்டுமா? எரித்துவிட்டு, கொன்றவன் வீட்டுக்கே அவளைக் குடியனுப்பச் சொல்கிறாயே, உனக்கே நியாயமாக இருக்கிறதா?

இங்கே நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் மலை இருக்கும் கிழக்கே தலைவைத்துப் படுக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் காலை நீட்டிப் படுக்கிறேன். "தூக்கத்துல புரண்டுட்டியா நெங்கா?" என்று பக்கத்துக் குடிசைக்காரன் கேட்டான். "முழிச்சிக்கிட்டுத்தான் படுத்தேன்" என்றேன்.

குடிசைக்கு வேலி போட்டுவிட்டேன். கோழி வாங்கியிருக்கிறேன். நீ கிளம்பி வா. அந்த மலை முகத்தில் நான் இனி முழிக்க மாட்டேன்.

நெங்கா

கரங்காசெம்
15 அக்டோபர் 1963

அன்புள்ள பிளி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். யார் கண்ணிலாவது பட்டால் என்ன ஆகும்? எதிரிகூட மலைக்குக் கால் நீட்ட மாட்டான். நீங்கள் அதை வேலி போட்ட செய்தியோடு சேர்த்து எழுதுகிறீர்கள்.

கோபம் உங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். எனக்கும் இருக்கிறது. சில நாள் பூ வைக்கப் போய்ப் பாதி வழியில் திரும்பிவிடுகிறேன், மறுபடி போய் வைக்கிறேன். அத்தை ஏமாந்துபோய்ச் சாகவில்லை. சாம்பல் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டேதான் போனார். அவர் போக விரும்பிய இடம் அந்த மலை. உங்கள் கோபத்துக்காக அவரை ஏன் வழியில் நிறுத்துகிறீர்கள்?

சாமியைக் கும்பிட வேண்டாம். தலையைக் குனிந்துகொண்டு வாருங்கள், அம்மாவின் எலும்பை எடுத்துக் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடுங்கள். நானும் உங்களோடு கப்பலேறுகிறேன். வராவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

கெதுத்

கரங்காசெம்
27 நவம்பர் 1963

நெங்கா அவர்களுக்கு,

பதில் வரும் என்று கடைசிவரை பார்த்தேன். காரியம் முடிந்தது.

"பிள்ளை எங்கம்மா?" என்று ஊர்த்தலைவர் கேட்டார். காய்ச்சல் என்று சொல்லிவைத்தேன். அத்தையின் குழியை நானே தோண்டினேன். எலும்பைக் கழுவி வெள்ளைத்துணியில் சுற்றும்போது அழக்கூடாது என்றார்கள். அழுதேன். சாம்பலைக் கடலில் விட்டோம். அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் இருக்கும் இடத்தை அவமதிக்கிற வீட்டில் என்னால் குடும்பம் நடத்த முடியாது. நேற்று உங்கள் வீட்டுக் கோயிலில், உங்கள் முன்னோர் முன்னால் உட்கார்ந்து விடைபெற்றுக்கொண்டேன். இனி நான் அவர்கள் வீட்டு மருமகள் இல்லை, பிறந்த வீட்டுப் பெண். கட்டியவரைக் கூப்பிடும் முறையில் உங்களைப் பிளி என்று கூப்பிடும் உரிமையும் போய்விட்டது.

உங்கள் மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது, நிறையவே இருக்கிறது.

"புருஷன் சம்மதிச்சானா?" என்று நேற்று விடைபெறும்போது பூசாரி கேட்டார். என் அண்ணன்தான் முந்திக்கொண்டு, "அவன் பெத்தவளையே விட்டவன், பொண்டாட்டியை விடறதுக்கு யோசிக்கவா போறான்?" என்றான். நான் கோயில் என்றும் பார்க்கவில்லை. உங்களை அப்படிச் சொல்ல அவன் யார் என்று சண்டைக்குப் போய்விட்டேன்.

இப்படிக்கு,
கெதுத் ரஸ்மின்
அண்ணன் வீடு