காற்றுப் பக்கம்

உம்முடைய மகள் தந்த பால்மாத் தகர ரின்னை இன்றைக்குக் காலையில்தான் திறந்தேன். உம்முடைய முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு, "அம்மா இதை ரீச்சரிட்டைக் குடுக்கச் சொன்னவ" என்று அவள் என் கையில் வைத்துவிட்டுப் போய் இரண்டு மாதமாகிறது. திறக்க மனம் வரவில்லை. மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பியதும் பழைய மெழுகின் மணம் வந்தது. பூசை முடிந்து திரிகளை அணைத்த பிறகு கோயிலுக்குள் நிற்குமே, அந்த மணம். உள்ளே பத்து மெழுகுதிரித் துண்டுகள். ஒன்றைக்கூட எறியாமல் வைத்திருந்திருக்கிறீர்.

குசினி மேசையில் அவற்றை நீளத்தின்படி அடுக்கினேன். படிப்பித்த கை சும்மா இருக்காது. ஐந்து துண்டுகள் ஏறக்குறைய முழுத் திரிகள். நுனி மட்டும் கறுத்திருந்தது. மற்ற ஐந்தும் பெருவிரல் அளவுதான். ஏன் அப்படியென்று என்னைத் தவிர இந்த ஊரில் வேறு எவருக்கும் தெரியாது என்றுதான் இன்று பின்னேரம் வரை நினைத்திருந்தேன்.

யூட் போன அந்த மார்கழியை உமக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. இடம்பெயர்ந்து அலைந்து திரும்பி வந்து, கூரை மேய்ந்து, கிணறு இறைத்து, இனியாவது மனிதராய் இருப்போம் என்று எல்லாரும் மூச்சுவிட்ட காலம். உம்முடைய மகனுக்குப் பத்தொன்பது வயது. கடற்படையிடம் பாஸ் எடுத்துக்கொண்டு வின்சனுடைய வள்ளத்தில் காலையில் இறங்கினான். மத்தியானம் வாடை பெயர்ந்து கடல் கலங்கிவிட்டது. மறுநாள் விடிய, சுருவில் ஊர்ப் பக்கம், வின்சன் ஒரு வெற்று மண்ணெண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்தபடி கரையொதுங்கினார். இரண்டு நாள் கழித்து வள்ளத்தின் பலகைகள் வந்தன. யூட் வரவேயில்லை.

வின்சனை ஊரே அறியும். நத்தார்ப் பெருநாளுக்குக்கூடக் கோயில் வாசலை மிதிக்காதவர். பாதி நாள் சாராயத்தோடு சீவிக்கிறவர். நீரோ ஒரு செவ்வாய்க்கிழமை விடாமல் அந்தோனியார் சிற்றாலயத்துக்கு வெறுங்காலோடு நடந்தவர். ஒருசந்தி விரதம் இருந்து, திரி கொளுத்தி, வேறொன்றும் கேட்காமல் இதை மட்டும் கேட்டவர்: கடலுக்குப் போகிற பிள்ளை வீடு திரும்ப வேண்டும்.

உடல் இல்லாத வீட்டில் கதிரையில் படத்தை வைத்து மாலை போட்டிருந்தோம். செபமாலை சொல்லிக் கொடுத்தது நான். கடைசி நாள் எல்லாரும் எழும்புகிற நேரத்தில், சும்மா எழும்பிப் போயிருக்கலாம். நான் உம்முடைய கையைப் பிடித்து, "தான் நேசிக்கிறவைக்குத்தான் கடவுள் சிலுவையைக் குடுப்பார்" என்று சொன்னேன். நீர் கையை எடுத்துக்கொண்டீர்.

"அப்ப கனடாவில இருக்கிற உம்மட பிள்ளையள் ரண்டையும் அவர் நேசிக்கேல்லையோ, ரீச்சர்?"

ஒன்றாய்ப் படித்த நாங்கள். நான் படிப்பிக்கப் போன நாளிலிருந்து நீர் பகிடியாகச் சொல்லி வந்த 'ரீச்சர்' அன்றைக்குப் பகிடியாக இருக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், வெட்கம் வந்தது பல நாள் கழித்துத்தான்.

அதன் பிறகு நீர் கோயிலுக்கு வரவில்லை. பங்குச் சுவாமியார் என்னைத்தான் அனுப்பினார்: "நீங்கள் சொன்னாக் கேப்பா." எத்தனை தரம் வந்திருப்பேன்! நீர் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பீர். நான் எதிரே இருந்து பதில்களை எடுத்து விடுவேன். கடவுள் கொடுத்த சுதந்திரம், மனிதனுக்கு எட்டாத திட்டம், மறுமையில் ஆறுதல் என்று மறைக்கல்வி வகுப்பில் முப்பது வருடம் சொன்னதெல்லாம் வந்தது. எல்லாவற்றையும் இழந்து பின்பு எல்லாவற்றையும் இரட்டிப்பாகப் பெற்ற, விவிலியத்தில் வரும் அந்த நீதிமானின் கதையையும் ஒருநாள் சொன்னேன். நீர் முடிச்சை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தீர்.

"வேற பிள்ளையள் குடுத்தவராமோ?"

"ஓம்."

"முதல் செத்ததுகள் எங்க?"

"கடைசியில கடவுளே பெருங்காத்துக்குள்ள இருந்து அவரோட பேசினவர்" என்றேன், அதாவது உதவும் என்று.

"எனக்குக் காத்து மட்டுந்தான் வந்தது" என்றீர். பிறகு ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர். "நீர் என்ன, அவருக்கு அப்புக்காத்தோ? வழக்கு அவருக்கும் எனக்கும். அவர் வந்து பேசட்டும்."

கடவுளுக்கு ஒரு வக்கீல் தேவைப்படுகிறார் என்றும், அந்த வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது என்றும் நான் எவ்வளவு காலம் நம்பியிருந்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனாலும் வாய் விடவில்லை. "அப்ப ஏன் அந்தோனியார் சுருவத்தை இன்னும் மாடத்தில வைச்சிருக்கிறீர்?" என்று மடக்கினேன்.

"கோவிக்கிறதெண்டாலும் ஆள் இருக்கவேணுமே" என்றீர்.

அடுத்த நவம்பர் இரண்டு, ஆத்துமாக்கள் திருநாள். ஊர் முழுக்கச் சேமக்காலையில் நின்றது. புல் செருக்கி, கல்லறைகளுக்கு வெள்ளை அடித்து, பூ வைத்து, ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறையின் தலைமாட்டில் திரி கொளுத்திய நேரம். நான் என் தாய் தகப்பனுக்குக் கொளுத்திவிட்டு வெளியே வந்தபோது கரையில் நீர் தனியே குந்தியிருந்தீர். ஆறு மணிக்குப் பிறகு கரையில் நிற்கக்கூடாது என்ற சட்டம். அதனால் நாலு மணி வெயிலிலேயே வந்திருந்தீர். கையில் ஒரு மெழுகுதிரி. காலடியில் எரிந்த நெருப்புக்குச்சிகள்.

"அங்க எல்லாருக்கும் ஒரு கல்லறை கிடக்கு. எனக்கு எது?" என்றீர் கடலைப் பார்த்தபடி.

நீர் கடலுக்கு முதுகு காட்டமாட்டீர்; வாடைக்காற்று நேரே முகத்தில் அடித்தது. கொளுத்தினால் அணைந்தது, திரும்பக் கொளுத்தினால் திரும்ப அணைந்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டு, அதை வீட்டில் சுருவத்துக்கு முன்னால் கொளுத்தலாமே என்றேன். "அவன் வீட்டிலயோ செத்தவன்?" என்று கேட்டுவிட்டு அடுத்த குச்சியை உரசினீர். பெட்டி முடிந்ததும் திரியை ரின்னுக்குள் போட்டுக்கொண்டு எழும்பினீர். ஒவ்வொரு வருடமும் அதே கரை, அதே காற்று. நானும் விடாமல் வந்து உமக்குப் பக்கத்தில் நின்று ஏதாவது ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து வருடம் நீர் பொறுத்தீர். அந்தப் பொறுமைக்கு உம்மைப் பீடத்தில் வைக்கலாம்.

ஆறாவது வருடம் நான் களைத்துப்போயிருந்தேன். என் கணவர் போய் நாலு மாதம். ஆசுப்பத்திரியில் அவர் பட்ட பாட்டைப் பார்த்தபோது என்னுடைய பதில்களில் ஒன்றுகூட எனக்கே உதவவில்லை. செத்த வீட்டுக்கு வந்தவர்கள், நான் உமக்குச் சொன்னதையே எனக்குச் சொன்னார்கள். நீர் வந்து ஒன்றும் சொல்லாமல் மூன்று நாள் குசினியில் தேத்தண்ணி ஊற்றினீர்.

அந்த வருடம் கரைக்கு வந்தபோது பேச என்னிடம் சொல் இருக்கவில்லை. முழங்கால் நோவும் சேர்ந்துகொண்டது. நிற்க ஏலாமல், கிடந்த ஒரு மரக்குற்றியில், கடலுக்கு முதுகைக் காட்டி, உமக்கு எதிரே பொத்தென்று இருந்துவிட்டேன். வேறு நினைப்பு எதுவும் இல்லை. நீர் குச்சியை உரசினீர். திரி பிடித்தது. ஆடியது, ஆனால் அணையவில்லை.

நான் காலை நீட்டப் பார்த்தேன்.

"ரீச்சர், அசையாதையும்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காற்று முழுக்க என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. சீலைத் தலைப்புப் பறக்க, பின்கழுத்து விறைக்க, அசையாமல் இருந்தேன். உம்முடைய முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு அதை நான் கண்டேன். "இவ்வளவு நாளும் இந்தப் பக்கம் இருந்திருக்கலாமே" என்றீர்.

இருந்திருக்கலாம். அந்த ஐந்து நீளத் துண்டுகளைப் பார்க்கும்போது இன்றும் நெஞ்சு நோகிறது. அந்த ஐந்து வருடமும் நான் தவறான பக்கத்தில் நின்று நியாயம் பேசிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு வந்த வருடங்களில் நான் காற்றுப் பக்கம் இருப்பேன்; நீர் திரியைப் பார்த்தபடி கடவுளோடு வழக்காடுவீர். "செவ்வாய் செவ்வாயா நடந்தனானே, கண்டனீரோ?" என்று கேட்பீர். "ஒரு கான் குடுத்தனீர், ரண்டாவது கானுக்கு உமக்கு என்ன பஞ்சமோ?" என்பீர். முதலில் எனக்கு உடம்பு கூசியது. பிறகு பழகிவிட்டது. கோயிலில் நான் சொல்லிக் கொடுத்த எந்தச் செபத்திலும் இவ்வளவு நேர்மை இருந்ததில்லை. தூரத்தில், கரையேற்றி வைத்த வள்ளங்களுக்குப் பின்னால், வின்சன் நிற்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு நாள் மட்டும் அவர் குடிப்பதில்லை. நீர் அந்தப் பக்கம் திரும்புவதில்லை என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

உமக்கு நோய் கடுமையானபோது சுவாமியார் நோயில் பூசுதலுக்கு எண்ணெயோடு வந்தார். நீர் மறுத்துவிடுவீரோ என்ற பயத்தோடு நான் கட்டில் தலைமாட்டில் நின்றேன். பத்து வருடத்துக்கு மேல் பூசைக்குப் போய் நன்மை எடுக்காதவர் நீர்.

"பூசுங்கோ சுவாமி" என்றீர். "ஆனா நான் கேட்டதைத் திருப்பி எடுக்கேல்லை எண்டு அவருக்குச் சொல்லுங்கோ."

சுவாமியார் எண்ணெய்ச் சிமிழைத் திறந்தார். "அதை நீங்களே நேரில சொல்லுங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு உம்முடைய நெற்றியில் எண்ணெய் பூசினார். நீர் தலையாட்டினீர். அது நியாயமான ஏற்பாடு என்று உமக்குப் பட்டிருக்க வேண்டும்.

இன்று நவம்பர் இரண்டு. பின்னேரம் சேமக்காலையில் உமக்கு ஒரு திரி கொளுத்தினேன். மதில் மறைப்பில் அது நன்றாக எரிந்தது. பிறகு யூட்டுக்கு ஒரு திரியோடு கரைக்குப் போனேன். கடலுக்கு அப்பால், பெருநிலப்பக்கமாக, ஷெல் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. அங்கே எத்தனை தாய்மார் இதே கேள்வியைக் கேட்கிறார்களோ! மரக்குற்றி கிடந்தது. காற்றுப் பக்கம் இருந்தால், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யூட்டுக்குக் கொளுத்த மனம் வராது. கடலைப் பார்த்து இருந்தால் அணைந்துவிடும். நாலு குச்சி போனது. ஐந்தாவதை உரசும்போது அழுகை வந்துவிட்டது.

பின்னால் மணலில் காலடிச் சத்தம். வின்சன். தாடி முழுக்க நரைத்துவிட்டது. மரக்குற்றியில் கடலுக்கு முதுகைக் காட்டி இருந்தார்.

"அக்கா போறதுக்கு முதல் என்னைக் கூப்பிட்டவ" என்றார் நிலத்தைப் பார்த்தபடி. "ரீச்சருக்கு முழங்கால் ஏலாது, இனி நீ போய் அந்தப் பக்கம் இரு எண்டு சொன்னவ."

எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீர்! கடவுளோடு வழக்கை முடிக்காமலே, கரை சேர்ந்தவனைக் கூப்பிட்டு அவனுக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறீர். அது உம்மால் எப்படி முடிந்தது என்று கேட்க இனி ஆள் இல்லை.

வின்சனுக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல நாக்கு எழுந்தது. பழைய பழக்கம். அடக்கிக்கொண்டேன். திரி பிடித்தது. அதைப் பார்த்தபடி உம்முடைய கேள்வியை நானே கடவுளிடம் கேட்டேன்: ஏன் ஒரு கான்? வின்சனுக்கும் கேட்கும்படி, சத்தமாகவே கேட்டேன். அவருடைய தோள் குலுங்கியது. ஆனால் இடத்தை விட்டு அசையவில்லை. இனி ஒவ்வொரு வருடமும் கேட்பேன். பதில் வந்தால் உமக்குத்தான் முதலில் வந்திருக்கும் என்பது தெரியும். என்றாலும் கேட்பேன்.

ஆறு மணிக்கு முன்னம் திரி அடிவரை எரிந்து முடிந்தது. ரின்னுக்குள் போட ஒன்றும் மிஞ்சவில்லை.